கித்தேரிக்கு எட்டாத கம்பி

தம்பி, அது தலகாணி இல்ல, சாயாதீங்க. சாஞ்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது, கப்பலே சாயுறதுக்குச் செஞ்ச சாமான்தான். ஆனா புதுசுல்லா, தலையெண்ணெ ஒட்டிரும். ஒண்ணு என் மடியில இருக்கட்டும். ஒண்ண உங்க காலுக்கிடையில தள்ளிக்கிடுங்க. மேல கட்டியிருக்க ரெண்டும் விழாது, நான் போட்ட முடிச்சு. ஆங். இப்பம் வசதியா இருக்கா?

கண்டக்டர் கேட்டதப் பாத்தியளா? "பெரியவரே, என்னது இது, பலூன் யாவாரமா?" நான் "பெண்டரு"ன்னேன். அவரு காதுல "பெண்டாட்டி"ன்னு விழுந்திருக்கு. "நாலா?"ங்காரு. பஸ்ஸே சிரிச்சிட்டு. சிரிக்கட்டும். வள்ளியூர் வரைக்கும் சிரிப்பாங்க, அப்புறம் தூங்கிருவாங்க.

இது என்னதுன்னா, படகத் துறையில கட்டுதோம்லா, அப்பம் படகுக்கும் சுவருக்கும் நடுவுல இதத் தொங்கவிடணும். அலை வந்து படகச் சுவர்ல கொண்டுபோய் மோதும். மோதுறப்ப இது நடுவுல நின்னு அடிய வாங்கிக்கிடும். படகுக்கு ஒரு கீறல் விழாது. இதுவும் ஒரு சத்தம் போடாது. அம்புட்டுதான் இதோட வேலை.

காத்தடிக்காமத்தான் கொடுப்பாங்க. சுருட்டிப் பைக்குள்ள வச்சிரலாம். ஆனா நான் விடுவேனா? முப்பத்திரண்டு வருசம் தோணியில இஞ்சின் பாத்தவன். கொச்சிக் கடைக்காரன்கிட்ட, "காத்தடிச்சுக் காட்டும்"னேன். நாலையும் அடிச்சு, தண்ணித் தொட்டியில அமுக்கிப் பாத்தேன். ஒரு குமிழி வரல. சரின்னு ஆட்டோவுல போட்டு ஸ்டேசனுக்கு வந்தப்புறம் பாக்கேன், காத்து எறக்குத ஊசி கடை மேசையிலயே கெடக்கு. அதான் நாலு பெண்டாட்டியோட நாரோயில்ல எறங்கி இந்த பஸ்ஸு.

என் பேரு ரெமிஜியுஸ். தூத்துக்குடி. நீங்களும் தூத்துக்குடியா? நல்லதாப் போச்சு, பொழுது போவும்.

படகு என்னோடதுதான். பாய்ப் படகு. இருபத்தோரு அடி. தோணி இல்ல தம்பி, தோணிய நான் பாத்தாச்சு. வெங்காயம், சிமெண்ட்டு, ஓடு, எல்லாத்தோடயும் மாலத்தீவுக்கு ஓடியாச்சு. இஞ்சின் அறைக்குள்ள உக்காந்திருக்கவனுக்கு கடல் எங்க தெரியும்? டீசல் புகைதான் தெரியும். முப்பத்திரண்டு வருசம் கடல்ல இருந்திட்டு கடலப் பாக்காத ஆளு நான். அதான் ரிட்டயர்டு ஆனதும் ஒண்ணு வாங்கினேன். வெள்ளைக்காரர் ஒருத்தரு கொச்சியில போட்டுட்டுப் போன பழைய படகு. பைபர். வெள்ளை. பாய விரிச்சா சத்தமே கிடையாது, தண்ணி விலகுற சத்தம் மட்டும் கேக்கும். மொதத் தடவை அதக் கேட்டப்ப எனக்கு அழுகை வந்திட்டு. கித்தேரிகிட்ட சொல்லல.

கித்தேரி என் பெண்டாட்டி. ஒரே ஒருத்திதான். தையக்காரி. எங்க தெருவுல பாதிப் பேரு அவ தச்ச சட்டையிலதான் கோயிலுக்குப் போறாங்க. நாலடி பத்தங்குலம். நல்லவ. எல்லாம் நல்லவதான், ஒரே ஒரு குறை என்னன்னா, பயந்தாங்கொள்ளி. கடல்னா அவளுக்குப் பயம். இந்தப் படகு வந்ததுல இருந்து நான் படுற பாடு எல்லாம் அவ பயத்தாலதான்.

புது வருசம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். நான் படகுத் தளத்துல நிக்கேன், அவ துறைச் சுவர்மேல தூக்குச்சட்டியோட நிக்கா. கஞ்சி கொண்டாந்திருந்தா. நான் வாங்கறதுக்குத் திரும்பினேன், விழுந்துட்டேன். ஈரமாக் கெடந்திச்சு தம்பி, பைபர் ஈரமானா சோப்பு. தலைசுத்தல் எல்லாம் கிடையாது. டாக்டர் பிரசர்னு ஒரு மாத்திரை எழுதினாரு, டாக்டர்னா ஏதாவது எழுதத்தான் செய்வாங்க. வழுக்கினதுதான். நேரா தண்ணிக்குள்ள போய்ட்டேன், போற வழியில மண்டை படகு விளிம்புல ஒரு தட்டு.

கித்தேரி என்ன செஞ்சா தெரியுமா? குதிச்சிட்டா! தூக்குச்சட்டிய கீழ வச்சிட்டு, மூடி போட்டு வச்சிட்டு, சேலையோட குதிச்சிட்டா. எதுக்கு? பயத்துல. பொம்பளைக்கு பயம் வந்தா என்ன செய்யுறோம்னு தெரியாதுல்லா. பின்னால வந்து என் சட்டைக் காலரப் பிடிச்சு, ஒத்தக் கையால நீந்தி, துறைப் படிக்கட்டு வரைக்கும் இழுத்திட்டுப் போய்ட்டா. காலர் கிழிஞ்சு போச்சு. நல்ல சட்டை. அவ அப்பா சங்கு குளிக்க முங்குனவரு, அந்த நீச்சல் பழக்கம் அவளுக்கும் உண்டு. ஆனா நீச்சல் வேற, தைரியம் வேற, இல்லியா?

அதோட விட்டாளா? மவனுக்கு போன் போட்டுட்டா. அவன் டெல்வின், மஸ்கட்டுல இருக்கான். அவன் ஒரே சொல்லு, "அந்தப் படக வித்திருங்கப்பா." வாங்கறதுக்கும் ஆள் தயாரா இருந்திச்சு. ஒரு ஓட்டல்காரரு. எதுக்குக் கேக்காருன்னா, தோட்டத்துல வைக்கதுக்கு! பாய்மரத்த அறுத்திட்டு, புல்லு மேல நிறுத்தி, நடுவுல மேசை போட்டு, பிள்ளைகள உக்கார வச்சு ஐஸ்கிரீம் குடுப்பாங்களாம். கேட்டியளா? நெஞ்சு வெடிச்சிட்டு எனக்கு. கடலப் பாத்த படகு தம்பி. அத புல்லுல வச்சு ஐஸ்கிரீம் ஊத்துறதுக்கு, என்னை மொதல்ல புதைச்சிருங்கன்னேன்.

ரெண்டு நாள் நான் சோறு திங்கல. மூணாம் நாள் கித்தேரி தையல் மிசின விட்டு எந்திரிச்சு வந்தா. "டெல்வின்கிட்ட நான் பேசிக்கிடுதேன். படக விக்க வேண்டாம். நானும் உங்க கூட வாறேன்"னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "ஆனா நான் சொல்லுத அத்தனையும் படகுல மாட்டணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஓட்டல்காரருக்கு நானே போன் போடுவேன். எனக்குப் பயமா இருக்கு"ன்னா. பாத்தியளா? அவ வாயாலயே சொன்னா. பயமா இருக்குன்னு.

அன்னைக்கே டேப்ப எடுத்திட்டு வந்து என்னை நிறுத்தி வச்சு அளந்தா. காலர் கிழிஞ்சதுக்கு வேற சட்டை தைக்கப்போறேன்னா. நெஞ்சு, இடுப்பு, அதெல்லாம் சரி. முழங்கால்ல இருந்து இடுப்புக்கு ஒரு அளவு. கையத் தூக்கச் சொல்லி, தரையில இருந்து உள்ளங்கை வரைக்கும் ஒரு அளவு. "ஏட்டி, இது என்ன சட்டை, அங்கியா?"ன்னு கேட்டேன். "புது மாடல்"னா. நமக்கு என்ன தெரியும் மாடலப் பத்தி.

வள்ளியூர் தாண்டிட்டா? தாண்டிட்டு. சொன்னேன்ல, தூங்கிட்டாங்க பாருங்க.

மொதல்ல சுத்துக் கம்பி. தளத்தோட ஓரத்துல குட்டிக் குட்டித் தூணா நிறுத்தி, அதுக்குள்ள ஸ்டீல் வயர ஓட்டி, படகச் சுத்தி முழங்காலுக்கு மேல, இடுப்பு உசரத்துக்கு வேலி போடணும். எனக்கு வெக்கமா இருந்திச்சு. கடல்ல பிறந்தவனுக்கு வேலியா, நான் என்ன ஆடா? ஆனா பயந்தவளுக்காகச் செய்யணும்லா. வெல்டர் இசக்கிமுத்து ஸ்டீல் தூணு செஞ்சு குடுத்தான். நான்தான் தளத்துல நிறுத்தி, நல்ல மூணங்குல ஸ்குரு போட்டு முறுக்கினேன். ஆட்டிப் பாத்தேன், அசையல.

கித்தேரி வந்தா. சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு, தூணப் பிடிச்சு, உடம்ப வெளிய சாச்சு ஒரு தொங்கு. பிடுங்கிட்டு வந்திட்டு! ஸ்குரு, பைபர் துண்டு எல்லாத்தோடயும். நாலடி பத்தங்குலத்துக்கே பிடுங்கிட்டு வருதுன்னா என்ன அர்த்தம்? பைபரு மட்டம்னு அர்த்தம். அவ அந்தப் பொத்தல உத்துப் பாத்திட்டு என்னமோ பித்தானப் பத்திப் பேசுனா. "வெறும் துணியில பித்தான் தச்சா பிஞ்சுதான் வரும். உள்பக்கம் ஒரு துண்டு வச்சு, அதோட சேத்துத் தைக்கணும்"னா. தையக்காரிக்கு எதப் பாத்தாலும் துணிதான். அன்னைக்கு ராத்திரி படுத்திருக்கப்ப எனக்கு ஒரு யோசனை வந்திச்சு. ஸ்குருவே வேண்டாம். தளத்தத் துளைச்சு, போல்ட்ட அந்தப் பக்கம் எடுத்து, அடியில ஒரு ஸ்டீல் தகட்ட வச்சு நட்டு போட்டு முறுக்கினா என்ன? போட்டேன். அடுத்த நாள் அவ தொங்குனா, நான் தொங்குனேன், இசக்கிமுத்து தொங்குனான். அசையல. தகடு யோசனை முழுக்க என்னோடதுதான். அவ பித்தானப் பத்தித்தான் பேசிட்டு இருந்தா.

அப்புறம் தளம் வழுக்கக்கூடாதுன்னா. பெயிண்டுல மணலத் தூவினா போதும், அது எனக்குத் தெரியும். நான் கடக்கரையில ஒரு வாளி அள்ளிட்டு வந்து தூவினேன். காஞ்சதும் நடந்து பாத்தா, ஐயோ, சிப்பித் துண்டு! ரெண்டு காலும் கிழிஞ்சு போச்சு. அவ எல்லாத்தையும் சுரண்டி எடுத்திட்டு, ஆத்து மணல மாவுச் சல்லடையில சலிச்சுக் குடுத்தா. அந்தச் சல்லடையில சலிச்ச மாவுல ஒரு வாரம் ஆப்பம் நறநறன்னு இருந்திச்சு. ஆனா தளம் இப்பம் வழுக்காது. எண்ணெய ஊத்தினாலும் வழுக்காது.

பின்னால ஒரு ஏணி. தண்ணியில விழுந்தா ஏறி வாறதுக்கு. யாரு விழப்போறா? சரி, போடுவோம்னு தண்ணி மட்டம் வரைக்கும் போட்டேன். "தண்ணிக்குள்ள கெடக்கவருக்கு கால் எங்க இருக்கும்? தண்ணிக்கு மேலயா இருக்கும்?"னு கேட்டா. தண்ணிக்கு அடியில மூணு படி சேத்து வச்சேன். உடனே அவ எறங்கிட்டா தண்ணியில. ஏறுறா, எறங்குறா, ஏறுறா, எறங்குறா. ஒரு கையால மட்டும் ஏறிப் பாக்கா. கண்ண மூடிட்டு ஏறிப் பாக்கா. பாவம், பயம் தெளியணும்னு.

இதெல்லாம்கூட போகட்டும். அந்த வளைவுக் கம்பி விசயத்த நீங்க கேக்கணும் தம்பி. அதுலதான் எனக்குக் கோவம் வந்திச்சு.

சுக்கான் பிடிக்க இடத்துல, பின்னால, நாலு காலு போட்டு மேல ஒரு குறுக்குக் கம்பி வேணும்னா. சப்பரம் மாதிரி. அதுல மாதா சுரூபத்த ஏத்தி நாலு பேரு தூக்கினா தெருவச் சுத்தி வரலாம். எதுக்குட்டின்னு கேட்டேன். "ஆட்டம் எடுத்தா மேல கைய நீட்டிப் பிடிச்சிக்கிடலாம்லா"ன்னா. நியாயம்தான். ஆனா அளவு அவளே நேரா இசக்கிமுத்துகிட்ட சீட்டுல எழுதிக் குடுத்திருக்கா. என்ன அளவு தெரியுமா? ஆறடி பத்தங்குலம்! மாட்டியாச்சு, போல்ட்டு போட்டாச்சு, தகடு வச்சாச்சு. அவள ஏறி நின்னு பிடிக்கச் சொன்னேன். எட்டல. எக்கிப் பாத்தா, எட்டல. குதிச்சுப் பாத்தா, விரல் நுனிகூடப் படல. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். "ஊரு பூரா அளவெடுத்துத் தைக்க. உன் உசரம் உனக்குத் தெரியாதா?"ன்னு இசக்கிமுத்து முன்னாலயே சத்தம் போட்டுட்டேன்.

அவ என்ன சொன்னா? "நீங்க பிடிச்சுப் பாருங்க"ன்னா. பிடிச்சேன். கைய நீட்டினா கணக்கா உள்ளங்கையில வந்து நிக்கி. சாயவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். ரெண்டு தடவை பிடிச்சு விட்டேன். "எனக்குச் சரியா இருந்து என்ன பிரயோசனம், உனக்குல்லா வேணும்?"னேன். "இருக்கட்டும், அறுக்க வேண்டாம். நான் உங்களப் பிடிச்சிக்கிடுதேன்"னா. இசக்கிமுத்து அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். வெல்டிங்கு புகை கண்ணுல பட்டிருக்கும்.

கடைசி சண்டை டயர்ல. தோணிக்கு நாங்க என்ன கட்டுவோம்? பழைய லாரி டயர். ஆயிரம் வருசம் வரும். நானும் ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு டயரத் தொங்கவிட்டேன். ரெண்டே நாளு தம்பி. வெள்ளைப் படகு கன்னமெல்லாம் கரிய அப்பின மாதிரி ஆகிப் போச்சு. துறையில எல்லாரும் "என்ன ரெமி அண்ணே, மாறுவேசப் போட்டியா?"ங்காங்க. கித்தேரி பழைய போர்வையக் கிழிச்சு டயருக்கு உறை தச்சா. நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா நனைஞ்ச போர்வையில மண்ணு ஏறி, உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி படக அரிச்சுப்போட்டுட்டு. அப்பத்தான், "கொச்சிக்குப் போய் அசல் பெண்டரே வாங்கிட்டு வாங்க. அப்படியே இதயும் வாங்கிட்டு வாங்க"ன்னு ஒரு சீட்டு குடுத்தா. அதோட எல்லாம் முடிஞ்சிது. நாளைக்கி ஞாயித்துக்கிழமை, காலைப் பூசை முடிச்சிட்டு மொத ஓட்டம். கடலும் இப்பம் குளம் மாதிரி கெடக்கு. நான், கித்தேரி, படகு.

சீட்டுல வேற என்னவா? இந்தா, இந்தப் பைக்குள்ள இருக்கு பாருங்க. பெல்ட்டு. நெஞ்சச் சுத்தி மாட்டணும். தளத்துல முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரு பட்டை வாரு கட்டியிருக்கோம். அதுல இந்தக் கொக்கிய மாட்டிக்கிட்டு நடந்தா, எங்க விழுந்தாலும் கடலுக்குப் போக முடியாது. முளையில கட்டின மாடு மாதிரி மேயலாம். பயந்தவளுக்கு ஏத்த சாமான்.

இங்கயும் பாருங்க அவ கணக்க. ரெண்டு பேரு போறோம். ஒரு பெல்ட்டுதான் எழுதியிருக்கா. சரி, எனக்கு வேண்டாம்னு அவளுக்கே தெரியும், அது வரைக்கும் புத்தி இருக்கு. கடைக்காரன் "நெஞ்சளவு என்ன?"ன்னான். சீட்டப் பாத்து வாசிச்சேன். நாப்பத்திரண்டு அங்குலம். நாப்பத்திரண்டு! கித்தேரி குருவி மாதிரி இருப்பா தம்பி. நாப்பத்திரண்டுல ரெண்டு கித்தேரி உள்ள போய் உக்காந்து பேசிட்டு வரலாம். கடைக்காரன் சிரிச்சிட்டு, "சேட்டன் ஒண்ணு போட்டு நோக்கிக்கே"ன்னான். போட்டேன். எனக்கு அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஊரெல்லாம் பேரெடுத்த தையக்காரி, சொந்த உடம்புக்கு அளவு எழுதத் தெரியல. இன்னைக்கு பஸ்ச விட்டு எறங்கினதும் இதக் கேக்காம விடமாட்டேன்.

என்ன தம்பி?

எந்தச் சட்டை?

ஓ, அதுவா. காலர் கிழிஞ்சதுக்கு அளவெடுத்தாளே, அந்தச் சட்டையா. இல்ல, இன்னும் தைக்கல. மூணு மாசம் ஆகப்போகுது. மறந்திருப்பா. அவளுக்கு வேலை நெறைய. மறக்கமாட்டா. அவ மறக்கமாட்டாளே. தெருவுல ஒருத்தருக்கு ஒரு பித்தான் பாக்கின்னாலும் ராத்திரி தூங்கமாட்டா.

கையத் தூக்கச் சொல்லித்தான் அளந்தா. ஆமா. தரையில இருந்து உள்ளங்கை வரைக்கும்.

கொஞ்சம் இருங்க தம்பி.

இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம்.

வல்லநாடு போயிட்டா? எப்பம் போச்சு? நான் கவனிக்கல.

முப்பத்தாறு வருசம் ஆச்சு தம்பி எங்களுக்குக் கல்யாணம் ஆகி. நான் தோணியேறிப் போகும்போதெல்லாம் அவ துறைக்கு வந்து நிப்பா. ஒரு தடவைகூட அழுதது கிடையாது. சரி, இவளுக்கு ஒண்ணும் தெரியல, சின்னப் புத்தின்னு நெனச்சிக்கிட்டே போவேன். அன்னைக்கு விழுந்தேன்ல. உங்களுக்குச் சொன்னா என்ன, நீங்க யாரு, நான் யாரு. தளம் ஈரமே இல்ல. காஞ்சுதான் கெடந்திச்சு. திரும்பினேன், வானம் கீழ வந்திட்டு. அத நான் யார்கிட்டயும் சொல்லல. அவகிட்டயும் சொல்லல. வழுக்கிட்டுன்னுதான் சொன்னேன். அவ சுவர்மேல நின்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தா. அவளுக்குத் தளம் தெரிஞ்சிருக்கும்லா. காஞ்சு கெடந்தது தெரிஞ்சிருக்கும்லா. ஒரு வார்த்தை கேக்கல தம்பி. "ஆமா, வழுக்கிட்டு"ன்னா. "எனக்குப் பயமா இருக்கு"ன்னா.

கண்ணு ஒண்ணும் இல்ல, காத்து அடிக்கி. அந்த ஜன்னல எறக்குங்க.

புதுக்கோட்டை வந்தாச்சு, இனி இருபது நிமிசம். அவ ஸ்டாண்டுக்கு வந்திருப்பா. நாலு பெண்டரையும் நான் ஒத்தையில தூக்க முடியாதுன்னு வந்திருப்பா. அங்க கடலை வண்டிக்குப் பக்கத்துலதான் நிப்பா, எப்பவும் அங்கதான். குட்டையா நிப்பா, கூட்டத்துல தெரியமாட்டா, நான்தான் தேடணும்.

தம்பி, ஒரு உதவி செய்யுங்க. இந்தப் பெண்டரக் கொஞ்சம் உங்க மடியில வாங்கிக்கிடுங்க. அந்த பெல்ட்ட எடுங்க. இந்தக் கை இதுக்குள்ள, இந்தக் கை இதுக்குள்ள. பின்னால அந்த வார இழுத்து விடுங்க. இறுக்கமா இருக்காது, இழுங்க, கணக்காத்தான் இருக்கும். கொக்கி முன்னால வரணும். ஆங், கேட்டியளா சத்தம்? கொக்கி விழுந்திட்டு.

கண்டக்டர் சிரிக்காரு. சிரிக்கட்டும் அந்த மனுசன். பஸ்சுக்குள்ள பெல்ட்டு மாட்டின மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

அந்தா, பாருங்க, பச்சைச் சேலை. நான் சொல்லல? கடலை வண்டிப் பக்கத்துல. எக்கி எக்கிப் பாக்கா.

ஒண்ணும் கேக்கமாட்டேன் தம்பி. சட்டையப் பத்தியும் கேக்கமாட்டேன், நாப்பத்திரண்டப் பத்தியும் கேக்கமாட்டேன். அவதான் கேப்பா, "என்னங்க இது, பஸ்லயே மாட்டிட்டு வந்திருக்கிய?"ன்னு. உனக்குப் பயமா இருக்கும்லட்டி, அதான்னு சொல்லிருவேன்.